புயலில் பறப்பது ஷீட்டா, ஸ்க்ரூவா? மொட்டை மாடிக் கூரை போடும் முன் ஒரு கணக்கு

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் போதும், சென்னையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "மாடில போட்ட ஷீட் தாங்குமா?" பதில்களும் வரிசையாக வரும். கால்வால்யூம் ஷீட் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது என்பார் ஒருவர். கடைக்காரரே மணிக்கு 180 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்னு சொன்னார் என்பார் இன்னொருவர். எதுக்கும் நாலு மணல் மூட்டையைத் தூக்கி மேலே வை என்பார் பெரியப்பா. மூன்று பேரும் ஷீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் புயலில் கூரை போவதற்குப் பெரும்பாலும் ஷீட் காரணமாக இருப்பதில்லை, அதைப் பிடித்திருக்கும் சாமான்கள்தான் காரணம். எந்த உலோகம் என்பது வேறு கேள்வி. அது துருவைப் பற்றியது, காற்றைப் பற்றியது அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் காசை எங்கே போடுவது என்று தெரியும்.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது

புயல்காற்று கூரையை அமுக்கும் அல்லது பக்கவாட்டில் தள்ளும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது அது இல்லை. தட்டையான அல்லது கொஞ்சமே சரிவுள்ள கூரையின் விளிம்பில் காற்று மோதி, மேலே ஏறி, வேகமெடுத்துத் தாண்டும்போது கூரையின் மேல்பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அதாவது மேலிருந்து உறிஞ்சுகிறது. கீழே ஒரு பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் முட்டுகிறது. இரண்டும் சேர்ந்ததைத்தான் மேல்தூக்கு விசை என்கிறோம். விளிம்புகளிலும் மூலைகளிலும் இது நடுப்பகுதியைவிட மிக அதிகம். கூரை எப்போதும் ஓரத்திலிருந்து உரியத் தொடங்குவது இதனால்தான்.

காங்கிரீட் தளத்துக்கு இந்தப் பிரச்சினை ஏன் இல்லை? எடைதான். ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் அதே பரப்புக்கு 4 கிலோ சொச்சம். பைப், குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்தாலும் சாதாரண மாடி ஷெட் 20 கிலோவைத் தாண்டுவது அரிது.

இப்போது காற்றின் பக்கம். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பொறியாளர்கள் போடும் கணக்கு எளிது: வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் வரும். கிலோவில் சொன்னால்:

1. மணிக்கு 60 கி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 17 கிலோ. ஷெட்டின் சொந்த எடையே ஏறக்குறைய சமாளித்துவிடும்.
2. மணிக்கு 120 கி.மீ. என்றால் சுமார் 68 கிலோ.
3. மணிக்கு 180 கி.மீ. என்றால் சுமார் 150 கிலோ.

இருபது அடிக்குப் பதினைந்து அடி ஷெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 28 சதுர மீட்டர். மூன்றாவது கணக்கின்படி அதைத் தூக்கும் விசை நான்கு டன்னுக்கு மேல். ஆறு கால்கள் இருந்தால் ஒவ்வொரு காலும் அறுநூறு, எழுநூறு கிலோவை மேல்நோக்கிப் பிடித்து நிறுத்த வேண்டும். தோராயக் கணக்குதான், வடிவத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனாலும் பெரியப்பாவின் நாலு மணல் மூட்டைக்கு இங்கே என்ன வேலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூட்டை சரிந்தால் அதுவும் சேர்ந்து பறக்கும், அவ்வளவுதான்.

செய்தியில் வரும் வேகமும் கணக்கில் வரும் வேகமும்

குழப்பத்தில் பாதி இங்கேதான். "மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கரையைக் கடக்கும்" என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்வது மூன்று நிமிடச் சராசரி. அமெரிக்காவில் ஹரிக்கேனுக்குச் சொல்வது ஒரு நிமிடச் சராசரி. (ஹரிக்கேன், டைஃபூன், நம்ம ஊர்ப் புயல் எல்லாம் ஒரே ஜாதிதான், கடலைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.) கட்டடக் கணக்குக்கு எடுப்பதோ மூன்று வினாடி வீச்சு. சராசரியாக 90 கி.மீ. வேகத்தில் அடிக்கும்போது நடுநடுவே மூன்று வினாடிக்கு அதைவிட நன்றாகவே எகிறும், கூரையைக் கழற்றுவது அந்த மூன்று வினாடிதான். வானிலை அறிக்கையில் "இடையிடையே" என்று வரும் சொல்லைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. 2015-இல் திருத்தப்பட்டது. அதில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. கடைக்காரர் சொல்லும் 180 ஏதோ தாராளமான கியாரண்டி மாதிரி கேட்கிறது, ஆனால் இந்த ஊருக்குக் கணக்கே அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் மேற்கு மாம்பலம் மாதிரித் தெருவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஈ.சி.ஆர். பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் வீட்டுக்குக் குறைக்க முடியாது. மூன்றாம் மாடி, நான்காம் மாடி என்று ஏற ஏறக் கூட்ட வேண்டும். நம் ஷெட் இருப்பதே உச்சியில்.

இன்னொன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரை கடந்தபோது, முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, புயலின் கண் கடந்தபின் தெற்கிலிருந்து அடித்தது. கண் மேலே வந்தபோது காற்று அடங்கியதைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்கள் உண்டு. வடக்குப் பக்கம் நல்ல சுவர் இருக்கிறதே என்று ஒரு பக்கத்தை மட்டும் நம்பிக் கட்டிய ஷெட்டுக்கு அந்த இரண்டாம் பாதிதான் ஆபத்து.

இழுப்பு எங்கெல்லாம் போகிறது

ஷீட்டைத் தூக்கும் விசை ஸ்க்ரூவுக்குப் போகிறது, அங்கிருந்து குறுக்குச் சட்டத்துக்கு, அப்புறம் காலுக்கு, காலின் அடியில் இருக்கும் தகடான பேஸ் பிளேட்டுக்கு, கடைசியில் காங்கிரீட்டுக்கு. எது வீக்கோ அங்கே பிய்யும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஷீட்டும் ஸ்க்ரூவும். குறுக்குச் சட்டம் நான்கு அடிக்கு ஒன்று, ஸ்க்ரூ அடிக்கு ஒன்று என்றால் ஒரு ஸ்க்ரூ நான்கு சதுர அடியைப் பிடிக்கிறது. மேலே சொன்ன 150 கிலோ கணக்கில் அது 56 கிலோ வரும். ஓரத்தில் அதைப்போல இரண்டு மடங்குகூட வரும். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் பாருங்கள், பல இடங்களில் இரண்டடிக்கு ஒரு ஸ்க்ரூதான், ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசமே இல்லை. ஓர வரிசைகளிலும் மூலைகளிலும் ஸ்க்ரூவை நெருக்கிப் போடுவதற்கு ஆகும் கூடுதல் செலவு மொத்தச் செலவில் தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் மொத்தக் கூரையிலும் இதைவிட மலிவான காப்பு கிடையாது.

2. ஸ்க்ரூவின் இறுக்கம். தலைக்கு அடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். சரியாக இறுக்கினால் ரப்பர் லேசாக வெளியே பிதுங்கித் தெரியும். டிரில்லரை விடாமல் அமுக்கினால் ரப்பர் நசுங்கிக் கிழிந்து, ஷீட்டே குழிந்துவிடும், முதல் மழைக்கே ஒழுகும். லூசாக விட்டால் ஷீட் ஆடும், ஆட ஆட ஓட்டை பெரிதாகும். ஓட்டை பெரிதானால் ஸ்க்ரூ அதே இடத்தில் நிற்கும், ஷீட் மட்டும் அதன் தலையைத் தாண்டிக் கழன்று போய்விடும்.

3. குறுக்குச் சட்டம். செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ (தானே துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ) பிடித்து நிற்பது சட்டத்தின் கனத்தில் அறுக்கும் மரையில்தான். 18 கேஜ் பைப் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 14 கேஜ் என்றால் 2 மில்லிமீட்டர். கனம் குறைந்தால் மரையும் குறைவு. ஷீட்டை ஒசத்தியாக வாங்கிவிட்டு அடியில் 18 கேஜ் போடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. ஷீட் கண்ணுக்குத் தெரியும், கேஜ் தெரியாதல்லவா.

4. கால். காலும் சட்டமும் சேரும் இடத்தில் வெல்டிங் முழுச் சுற்றும் ஓட வேண்டும். இரண்டு பொட்டு வைத்துவிட்டுப் பெயின்ட் அடித்து மூடுவது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. பெயின்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள்.

5. பேஸ் பிளேட். சென்னை மொட்டை மாடிகளில் பெரிய ஓட்டை இங்கேதான். மேலே நாம் மிதிக்கும் தட்டை ஓடு (தட்டோடு), அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட வெதரிங் கோர்ஸ், இரண்டும் சேர்ந்து நாலைந்து அங்குலம் கூட இருக்கும். அதற்கும் கீழேதான் நிஜமான காங்கிரீட். மூன்றங்குல ஆங்கர் போல்ட்டைத் தட்டோட்டின் மேலே வைத்து முடுக்கினால் அது காங்கிரீட்டைத் தொடவே தொடாது, செங்கல் ஜல்லியைக் கவ்விக்கொண்டு நிற்கும். கீழ்நோக்கிய எடைக்கு அது போதும், வருடக்கணக்கில் அசையாமல் நிற்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். மேல்நோக்கி அறுநூறு கிலோ இழுக்கும் அன்று பேஸ் பிளேட்டோடு ஜல்லிக் கட்டியும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஒரு ஸ்க்ரூகூடக் கழலாமல் முழு ஷெட்டும் அப்படியே பக்கத்து வீட்டில் போய் உட்காருவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது: பேஸ் பிளேட் வரும் இடத்தில் மட்டும் வெதரிங் கோர்ஸை வெட்டி எடுத்து, காங்கிரீட்டில் நேராக ஆங்கர் போட்டு, அப்புறம் சுற்றிலும் நீர்க்காப்பு செய்து மூட வேண்டும். கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டுப் பதிக்கும் போல்ட்) என்றால் துளையின் தூசியை ஊதி எடுக்காமல் பசையை விடக் கூடாது, தூசியில் ஒட்டிய பசை எதையும் பிடிக்காது. முடிந்தவரை கால்கள் கீழே உள்ள தூண் அல்லது பீமின் மேலேயே வரட்டும், தளத்தின் நடுவில் வேண்டாம்.

கைப்பிடிச் சுவரில் காலை ஊன்றுவதைப் பற்றி ஒரே வரி: நாலரை அங்குலச் செங்கல் சுவர் மேல்நோக்கிய இழுப்புக்குக் கட்டப்பட்டதல்ல, ஷெட் போகும்போது சுவரும் தெருவில் விழும்.

டார்வினும் புளோரிடாவும் கற்றுக்கொண்டது

1974 கிறிஸ்துமஸ் அன்று அதிகாலையில் ட்ரேசி என்ற புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் துவைத்துப் போட்டது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு உலோகக் கூரைதான். பிறகு ஆராய்ந்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. பல கூரைகள் ஒரே ஒரு பெரிய வீச்சில் பிய்ந்து போகவில்லை, மணிக்கணக்காகக் காற்று தூக்கித் தூக்கி விட்டதில் பிடிமானத்தைச் சுற்றி ஷீட்டில் விரிசல் விட்டு, ஓட்டை பெரிதாகி, கடைசியில் சாதாரண வீச்சுக்கே கழன்று போயின. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தே உடைப்போமே, அதே கதை. அதனால்தான் ஒருமுறை அமுக்கிப் பார்க்கும் சோதனை போதாது, ஆயிரக்கணக்கான தடவை தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. டவுன்ஸ்வில்லில் உள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 1977 முதல் புயல் சோதனை நிலையம் ஒன்று இதற்காகவே இயங்குகிறது. ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் ஷீட்டின் மடிப்புக்குப் பொருந்துகிற மாதிரி அகலமான தகடு வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு, ஓட்டையைச் சுற்றி வரும் இழுப்பு பரவலாகும்.

புளோரிடாவில் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்ற ஹரிக்கேன் வந்தது. அதன்பின் மயாமி-டேட் பகுதியில் கூரைக்கு அனுமதி தருவது எப்படி என்றால், ஷீட்டுக்கு மட்டும் அல்ல: இந்த ஷீட், இந்த ஸ்க்ரூ, இத்தனை அங்குல இடைவெளி, அடியில் இந்தப் பலகை என்று மொத்தக் கூட்டுக்கும் சேர்த்துத்தான். ஒன்றை மாற்றினால் அந்த அனுமதி செல்லாது. இதைத் தெரிந்துகொண்டு நம் கடையில் சொல்லும் "180 வரை தாங்கும்" என்பதைக் கேளுங்கள். எந்த ஸ்க்ரூவில், எத்தனை அடி இடைவெளியில், எந்தக் கனச் சட்டத்தில் தாங்கும்? அது இல்லாத 180-க்கு அர்த்தமே இல்லை.

சரி, எந்த உலோகம்?

இங்கே எதிரி உப்பு. திருவான்மியூர், பெசன்ட் நகர், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியே சொல்லும்.

ஜி.ஐ. ஷீட் என்பது இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. இதன் தரத்தைச் சொல்வது ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் என்பது. 120 கிராமும் உண்டு, 275 கிராமும் உண்டு. இரண்டும் புதிதில் ஒரே மாதிரி பளபளக்கும். 120 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான் படலம்தான், கடற்கரையில் அது எத்தனை மழைக்கு வரும்?

கால்வால்யூம் என்று நாம் சொல்வதில் பூச்சு 55 சதவீதம் அலுமினியம், சுமார் 43 சதவீதம் துத்தநாகம், மிச்சம் கொஞ்சம் சிலிக்கான். உப்புக் காற்றில் ஜி.ஐ.யைவிட நன்றாகவே உழைக்கும். 150 கிராம் பூச்சுக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஈரச் சிமென்ட் பட்டால் இதற்கு ஆகாது, சுவரோரம் ஷீட்டைச் செருகிச் சிமென்ட் வைத்துப் பூசும் நம் பழக்கத்தை இதோடு விட்டுவிட வேண்டும். கலர் ஷீட் என்பது இவற்றில் ஒன்றின் மேல் பெயின்ட். அடியில் எது, எத்தனை கிராம் என்று கேட்காமல் கலரை மட்டும் தேர்ந்தெடுப்பது புடவைக் கடை வேலை.

அலுமினியம் கடலோரத்துக்கு ரொம்ப நல்லது, ஆனால் இரும்பைப்போல மூன்றில் ஒரு பங்கு விறைப்புதான். அதனால் கனமான ஷீட்டாக, நெருக்கமான சட்டத்தில் போட வேண்டும். வெயிலில் இரும்பைப்போல இரண்டு மடங்கு நீளும், ஓட்டைகள் தளரும். இரும்புச் சட்டத்தோடு நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அரிக்கும், நடுவே ரப்பர் அல்லது டேப் வேண்டும். கடலை ஒட்டி இருப்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு இந்தச் செலவும் சிரமமும் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

கனத்தில் ஒரு சின்ன வித்தை நடக்கும். "0.5" என்று சொன்னால் அது பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்ந்த கனமா, வெறும் இரும்பின் கனமா என்று கேளுங்கள். ஸ்க்ரூவைப் பிடிப்பது இரும்பு, பெயின்ட் அல்ல.

துரு எங்கே தொடங்கும் தெரியுமா? மழை படும் இடத்தில் அல்ல. மழை உப்பைக் கழுவிவிடும். மழை படாத அடிப்பக்கம், ஷீட்டும் ஷீட்டும் ஏறும் இடம், இறவாணத்தின் கீழ்ப்பகுதி, இங்கெல்லாம் உப்பு படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை ஓஸ் பைப்பால் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டாலே ஆயுள் கூடும். அப்புறம் கட்டிங் வீல். ஷீட்டை அதில் அறுத்தால் பறக்கும் தீப்பொறி ஷீட்டின் மேல் இரும்புத் துகளாக ஒட்டி, ஒரே மாதத்தில் செம்புள்ளியாகத் தெரியும், அறுத்த விளிம்பின் பூச்சும் கருகும். தகடு வெட்டும் கத்திரியில் வெட்டச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ஷீட் நன்றாக இருக்கையில் சட்டம் செத்துப்போவதும் உண்டு. சதுரப் பைப்பின் மேல்வாய் திறந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியில், சரியாகப் பேஸ் பிளேட்டுக்கு மேலே, தேங்கும். வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்கும், உள்ளே காகிதம். சுத்தியலால் காலின் அடியில் தட்டிப் பாருங்கள், சத்தம் மாறினால் விஷயம் இருக்கிறது.

வடிவம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நாலு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிடப் புயலில் நன்றாக நிற்கும். ஒற்றைச் சரிவு போட்டே ஆக வேண்டிய மாடியில் சுவரைத் தாண்டி நீளும் பகுதியை ஒரு அடி, ஒன்றரை அடிக்குள் வையுங்கள். சாரல் அடிக்காமல் இருக்க மூன்றடி நீட்டுகிறார்கள், காற்றுக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி அது. மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த ஷெட் மிக மோசம், உள்ளே புகுந்த காற்றுக்கு மேலே தவிர வேறு வழியில்லை. நாலு பக்கமும் திறந்தது அதைவிடத் தேவலை.

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

1. ஷீட்டின் வெறும் இரும்புக் கனம், பூச்சு எத்தனை கிராம்.
2. நடுவில் ஸ்க்ரூ இடைவெளி, ஓரத்திலும் மூலையிலும் ஸ்க்ரூ இடைவெளி. தனித்தனியாக.
3. குறுக்குச் சட்டம், கால் இரண்டின் கேஜ். இறங்கும்போது அளந்து பார்க்கலாம்.
4. ஆங்கர் காங்கிரீட்டுக்குள் எத்தனை அங்குலம் போகிறது. "தளத்துக்குள்" என்று எழுதினால் ஏற்காதீர்கள், தட்டோடும் தளம்தான்.
5. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட்.

இரண்டாவது, நான்காவது வரிகளைப் பார்த்ததும் விலை ஏறினால் கொடுத்துவிடலாம். இந்த ஐந்தையும் கேட்டதும் "சார், இதெல்லாம் யாரும் கேட்டதில்ல" என்று சொல்பவரிடம் வேலை கொடுப்பதற்குள் இரண்டு முறை யோசியுங்கள். ஷெட் பெரிதாக இருந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒரு தாளில் கணக்கு வாங்கிவிடுவது நல்லது.

ஏற்கெனவே போட்டாயிற்று என்றால்

ஐப்பசி பிறக்கும் முன், வெயில் இருக்கும் ஒரு நாளில் வேலையை முடியுங்கள். எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு மாடி ஏறுவது வேண்டவே வேண்டாம். வாஷர் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள், நொறுங்கினால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு அளவு தடிமனானதைப் போடுங்கள், பழைய ஓட்டையில் பழைய அளவு பிடிக்காது. ஓர வரிசையில் இடைவெளிகளில் புதிய ஸ்க்ரூ சேர்க்க அரை நாள் போதும். பேஸ் பிளேட் சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு காலின் அருகே தட்டோட்டை எடுத்துப் பாருங்கள், ஆங்கர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஜல்லியில் நின்றால் மற்ற ஐந்தும் அப்படித்தான் இருக்கும், ஆறையும் மாற்ற வேண்டும். அதற்கு இந்த வருடம் கை வராவிட்டால், மழைக்காலம் முடியும்வரை ஷீட்டைக் கழற்றி அடுக்கிக் கட்டி வைத்துவிட்டு வெறும் சட்டத்தை மட்டும் விட்டுவையுங்கள். சட்டத்தில் காற்று பிடிக்க ஒன்றும் இல்லை, துணி காயப்போட இரண்டு மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.